மறியல் சாலையில் பைக்

கேள்வி: நானும் தம்பியும் பெருவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பொலிவியாவுக்குள் போக இருக்கிறோம். ஒருரோ, கொச்சபம்பா பக்கம் சாலை மறியல் என்கிறார்கள். பைக்தானே, ஓரமாக நுழைந்து போய்விட முடியாதா?

பதில்: பல இடங்களில் மறியல்காரர்கள் பைக்கைப் போக விட்டுவிடுவார்கள். ஆனால் நுழைந்து போகாதீர்கள், கேட்டுப் போங்கள்.

கொச்சபம்பா சாலை பிரியும் கரகோயோவுக்குச் சற்று முன்னால் நானும் மாட்டிக்கொண்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை லாரிகள். அவற்றின் நிழலில் ஓட்டுநர்கள் அடுப்பு மூட்டியிருந்தார்கள். முன்னால் பாறைகள், புகையும் டயர்கள். நூறு அடிக்கு முன்பே இன்ஜினை அணைத்தேன். முகம் தெரியட்டும் என்று ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வணக்கம் சொன்னேன். கோக்கா இலையைக் கன்னத்தில் அடக்கியிருந்த ஒரு மூதாட்டி, எங்கிருந்து வருகிறாய், எதற்கு வந்தாய் என்று விசாரித்தார். அரை மணி நேரம் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு அவரே எழுந்து, சக்கரம் போகும் அளவுக்கு ஒரே ஒரு கல்லைக் காலால் ஒதுக்கினார். அதற்குள் பள்ளத்தில் இறங்கிச் சுற்றிப் போகப் பார்த்த இன்னொரு பயணியின் இரண்டு டயர்களையும் கண்ணாடிச் சில்லு கிழித்துவிட்டது.

அந்த மக்களுக்கு மறியல் விளையாட்டல்ல. 2003 அக்டோபரில், லா பாஸை ஒட்டி உயரத்தில் இருக்கும் எல் ஆல்தோ நகர மக்கள் லா பாஸுக்கான வழிகளை அடைத்துப் போராடியபோது பலர் உயிரிழந்தார்கள். அதிபர் கொன்சாலோ சான்செஸ் தெ லொசாதா பதவி விலகினார். அவ்வளவு கொடுத்தவர்களின் கல்லை இருட்டில் நகர்த்திவிட்டு ஓடுவது எனக்குச் சம்மதமில்லை, ஆபத்தும்கூட. சுரங்கத் தொழிலாளர்களின் போராட்டம் என்றால் டைனமைட் வெடிக்கும். விலகியே நில்லுங்கள்.

பெட்ரோல் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்கக் கூடாது. மறியல் நீண்டால் பெட்ரோல் பங்க்குகள் வறண்டுவிடும். அங்கே உயரம் நான்காயிரம் மீட்டரை நெருங்குகிறது, இரவுக் குளிர் உறையவைக்கும். நல்ல தூக்கப்பை இல்லாமல் கிளம்பாதீர்கள். எங்கே வழி திறந்திருக்கிறது என்பதை எதிரே வரும் லாரிக்காரரிடம் கேளுங்கள். சில சமயம் மறியல்காரர்களே சில மணி நேரம் இடைவேளை விடுவார்கள். அந்த இடைவேளையைக் குறிக்கும் 'குவார்த்தோ இன்டர்மேதியோ' என்ற சொல் காதில் விழுந்தால் உடனே புறப்படுங்கள்.

உயூனி உப்புவெளிதான் நோக்கம் என்றால், பெருவின் தாக்னாவிலிருந்து சிலியின் அரிக்காவுக்கு இறங்கி, காலாமா, எல்லையில் இருக்கும் ஒயாக்வே வழியாகப் பொலிவியாவுக்குள் ஏறலாம். சுற்றுதான், ஆனால் நான் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். பொலிவியாவுக்குள் போய்விட்டால், சுங்கத்துறை வண்டிக்குத் தரும் தற்காலிக அனுமதியின் கடைசித் தேதியைக் குறித்து வையுங்கள். மறியலில் நாள் கழிகிறது என்று தெரிந்தால், அது காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக் கேட்டுவிடுங்கள்.