சான்ஃபிரான்சிஸ்கோவின் மேடுகளும் வலிக்கும் முழங்காலும்

கேள்வி: நானும் என் கணவரும் ஜூலை மாதம் நான்கு நாட்கள் சான்ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றிப் பார்க்க இருக்கிறோம். இருவருக்கும் ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. அவருக்கு முழங்கால் வலியும் உண்டு. ஊர் முழுக்க மேடு என்கிறார்கள். வாடகைக்குக் கார் எடுத்துக்கொள்வது நல்லதா?

பதில்: கார் வேண்டாம். சரிவான தெருவில் வண்டியை நிறுத்தும்போது முன்சக்கரங்களைத் திருப்பி வைக்கத் தவறினால் அபராதம் விழும். இருக்கையில் ஒரு பையை விட்டுச் சென்றாலோ, கண்ணாடியை உடைத்து அதை எடுத்துப்போகும் திருட்டுக்கு அந்நகரம் பேர்போனது. விமான நிலையத்திலிருந்து பார்ட் ரயில் நேரே நகரின் நடுப்பகுதிக்கே வந்துவிடுகிறது.

உங்களுக்கு உண்மையான இடைஞ்சல் வரைபடம்தான். அந்நகரத்துத் தெருக்களில் பெரும்பாலானவை குன்று இருப்பதையே பொருட்படுத்தாமல் கட்டம் போட்டாற்போல் வகுக்கப்பட்டவை என்பதால், தாளில் இரண்டு தெரு தள்ளித் தெரியும் இடத்துக்கு நேரில் செங்குத்தாக ஏறவேண்டி வரலாம். ஃபில்பர்ட் தெருவின் ஒரு பகுதியின் சரிவு 31.5 சதவீதம். ‘ஏறுவதற்கு வண்டி, இறங்குவதற்கு நடை’ என்று பலரும் யோசனை சொல்வார்கள். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் மூட்டின் மீது அதிகச் சுமை விழுவது பெரும்பாலும் இறங்கும்போதுதான். ஆகவே ஏறவும் இறங்கவும் வண்டியைப் பயன்படுத்துங்கள்; உச்சியிலும் கடற்கரையோரத்திலும் மட்டும் நடந்தால் போதும்.

இதற்கு 1873 முதல் ஓடிவரும் கேபிள் கார் நன்றாக உதவும். தெருவுக்கு அடியில் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓயாமல் ஓடும் இரும்பு வடத்தை, ஓட்டுநர் ஒரு நெம்புகோலால் பிடித்தும் விட்டும் வண்டியை நகர்த்துகிறார். பவல் தெருவில் நிற்கும் நீண்ட வரிசையைப் பார்த்து மலைக்காதீர்கள். கலிஃபோர்னியா தெரு வழித்தடத்தில் கூட்டம் குறைவு. அதில் ஏறி நாப் ஹில் உச்சியில் இறங்கினால், கிரேஸ் பேராலயமும் அதன் எதிரிலுள்ள பூங்காவும் சமதளத்திலேயே இருக்கின்றன. லொம்பார்ட் தெருவின் எட்டு வளைவுகளைப் பவல்–ஹைட் வண்டியில் போய் மேலிருந்து பார்த்துவிட்டு, அடுத்த வண்டியிலேயே திரும்பிவிடலாம். குன்றின் மேல் நின்று நகரைக் காட்டும் காய்ட் கோபுரத்துக்குப் படியேற வேண்டாம். 39ஆம் எண் பேருந்து வாசல்வரை போகிறது. கேபிள் காரில் ஒரு முறை ஏறும் கட்டணமே அதிகம் என்பதால், அதையும் உள்ளடக்கிய விசிட்டர் பாஸ்போர்ட் என்ற மூன்று நாள் பயணச்சீட்டை வாங்குவது லாபம்.

ஒரு நாளை எஃப் தடத்தின் பழைய டிராம்களுக்கென்று ஒதுக்குங்கள். துறைமுகக் கரையோரமாகவும் மார்க்கெட் தெரு வழியாகவும் ஓடி அது கேஸ்ட்ரோவில் முடிகிறது. தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காமல் போட்டியிட்டு 1977இல் நகர மேற்பார்வையாளர் அவைக்கு (நம்மூர் மாநகராட்சி மன்றம் போன்றது) தேர்வான ஹார்வி மில்க் வாழ்ந்த பகுதி அது. மறு ஆண்டே அவர் நகரமன்றக் கட்டடத்துக்குள் மேயருடன் சேர்த்துச் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே கட்டடத்தில்தான் 2004இல் ஏறத்தாழ 4,000 தன்பால் இணைகள் மணம் முடித்தனர்; அத்திருமணங்கள் செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டே தீர்ப்பளித்தது. இன்றும் வேலை நாட்களில் அங்கே மணமக்களைக் காணலாம். சிட்டி லைட்ஸ் புத்தகக் கடையையும் விட்டுவிடாதீர்கள்: ஒரு கவிதை நூலுக்காக 1957இல் ஆபாச வழக்கைச் சந்தித்து வென்ற இடம். கவிதைக்கான அறை மாடியில் இருக்கிறது. அந்தப் படிகளை மட்டும் உங்கள் கணவர் ஏறித்தான் ஆகவேண்டும்.

ஜூலை என்றதும் பருத்தி உடைகளை மட்டும் எடுத்துவைத்துவிடாதீர்கள். உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் காயும்போது குளிர்ந்த கடற்காற்றும் பனிமூட்டமும் நகரத்துக்குள் இழுக்கப்படுகின்றன. அம்மாதத்தில் பகலிலேயே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். கோல்டன் கேட் பாலம் 2.7 கிலோமீட்டர் நீளம். முதல் கோபுரம்வரை நடந்து திரும்பினாலே போதும், அதையும் மூட்டம் விலகும் பிற்பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்கூட்டியே பதிவு செய்தாக வேண்டியது அல்கட்ராஸ் சிறைத் தீவுக்கான படகுச் சீட்டை மட்டும்தான். கோடையில் அது வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும். படகுத்துறையிலிருந்து சிறைக்கூடம்வரை சுமார் 40 மீட்டர் உயரம் ஏறவேண்டும். நடக்கச் சிரமப்படுவோருக்கென்று மின்சார வண்டி ஓடுகிறது. கரையில் இறங்கியவுடன் அங்குள்ள ஊழியரிடம் அதைக் கேளுங்கள்.