பொண்ணு கவுன்சிலிங் படிக்கணுமாம்: நாலு லட்சம் கடன் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் கொழிஞ்சாம்பாறை பக்கம். வீட்டுக்காரர் கூட்ஸ் ஆட்டோ ஓட்டுகிறார். நான் நாலு மாடு வைத்துப் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிறேன். தீவனச் செலவு போக மாதம் 9,000 ரூபாய் நிற்கும். உள்ளூர் சர்வீஸ் கூட்டுறவு பேங்கில் 2.50 லட்சம் டெபாசிட் இருக்கிறது, 12 பவுன் நகை இருக்கிறது. மூத்த மகள் பி.காம் முடிக்கப் போகிறாள். கவுன்சிலிங் வேலைக்குத்தான் போவேன் என்கிறாள். கோயம்புத்தூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. கவுன்சிலிங் சைக்காலஜி, ஹாஸ்டலோடு இரண்டு வருடத்துக்கு 4 லட்சம். அங்கே எந்த டிகிரியும் போதுமாம். ஒரு சென்டர்காரர், வீட்டிலிருந்தே தபால் வழியில் எம்.எஸ்சி. சைக்காலஜி 60,000 ரூபாய், கூடவே ஆறு மாத கவுன்சிலிங் டிப்ளமோ இலவசம் என்கிறார். மூன்றாவது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வருகிற தூரத்தில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை), இரண்டு வருடத்துக்கு 1.20 லட்சம். வீட்டுக்காரர், "அதைப் படிச்சு எவ்வளவு சம்பாதிப்பா?" என்று கேட்கிறார். கடன் வாங்கலாமா, நகையை வைக்கலாமா?

பதில்: அம்மா, வீட்டுக்காரர் கேட்டதைத் தடையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். இந்தத் துறையில் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும். தொண்டு நிறுவனத்திலோ அரசுத் திட்டத்தின் ஒப்பந்தப் பணியிலோ புதிதாகச் சேருகிற பெண்ணுக்கு மாதம் 18,000 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கூடக் கிடைத்தால் சந்தோஷம்.

இப்போது அந்த 4 லட்சத்தைப் பார்ப்போம். கல்விக் கடனில் 4 லட்சம் வரை பொதுவாக அடமானமும் கேட்க மாட்டார்கள், நம் பங்காக முன்பணமும் கேட்க மாட்டார்கள். படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த மூன்று வருடமும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். 10 சதவீத வட்டியில், வருடத்துக்கு 2 லட்சமாக வாங்கினால், தவணை தொடங்கும்போது கடன் 5 லட்சமாக நிற்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 8,300 ரூபாய். 18,000 சம்பளத்தில் 8,300 போனால், அந்தப் பிள்ளை ஒரு வருடத்தில் கவுன்சிலிங்கை விட்டுவிட்டு ஏதாவது கம்பெனி அக்கவுண்ட்ஸ் வேலைக்குப் போய்விடும். பி.காம் படித்த பிள்ளைக்கு அது கிடைக்கவும் செய்யும். அப்படியானால் 4 லட்சம் எதற்கு?

மத்திய அரசின் பி.எம். வித்யாலக்ஷ்மி கல்விக் கடன் திட்டத்தில் குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் தவணை தொடங்கும்வரை 3 சதவீத வட்டி மானியம் உண்டு. ஆனால் அது பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களுக்கு மட்டும்தான். உங்கள் மகள் சொல்கிற பல்கலைக்கழகம் அதில் இருந்தாலும் என் கணக்கு பெரிதாக மாறாது.

சென்டர்காரர் விஷயம் சுலபம்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 2025 ஜூலை–ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து தபால் வழியிலோ ஆன்லைனிலோ சைக்காலஜி பட்டம் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) நிறுத்திவிட்டது. உடல்நலம் சார்ந்த படிப்புகளை நேரில் பயிற்சி இல்லாமல் கற்றுக்கொடுக்க முடியாது என்பதுதான் காரணம். இன்றைக்குப் புதிதாகச் சேர்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால், சரியான ரசீதுகூடக் கொடுக்க மாட்டார். அந்த இலவச டிப்ளமோவை ஃபிரேம் போட்டு மாட்டலாம், வேலைக்கு உதவாது. நம் ஊரில் 'கவுன்சிலர்' என்றால் வார்டு மெம்பரைத்தான் நினைப்பார்கள். அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம் என்ற நிலை இவ்வளவு நாள் இருந்ததால்தான் இப்படிக் கடை விரிக்கிறார்கள்.

தனியார் பல்கலைக்கழகத்தில் ஒன்று விசாரியுங்கள். "எங்களிடம் படித்தால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகலாம்" என்று அட்மிஷன் ஆபீசில் சொன்னார்களா? அந்தப் பெயரில் வேலை செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு வேண்டும். எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரியில் அதற்குச் செல்லும் என்று அவர்களே பட்டியல் வைத்திருக்கிறார்கள். பெயரில் சைக்காலஜி இருக்கிற எல்லா எம்.எஸ்சி.யும் அதில் வராது. இதுவரை அதற்கு இருந்த முக்கிய வழி இரண்டு வருட எம்.ஃபில்.; அதற்கும் 2025-26 சேர்க்கை வரைதான் யு.ஜி.சி. நீட்டிப்புக் கொடுத்தது. பி.காமிலிருந்து அந்த வழிக்குப் போவது நீண்ட சுற்று. அதையே பிடிவாதமாக விரும்புகிறாள் என்றால் கதை வேறு, அதற்குத் தனியாக எழுதுங்கள். மனசு விட்டுப் பேசுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிற வேலைதான் வேண்டும் என்றால் அவ்வளவு சுற்ற வேண்டாம்.

ஆகவே என் ஓட்டு எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு. எந்த டிகிரி முடித்தவரும் சேரலாம் என்பது ஒன்று. அதைவிடப் பெரியது களப்பயிற்சி. வாரத்தில் இரண்டு நாளாவது ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், போதை மீட்பு மையம், ஊராட்சி என்று போயாக வேண்டும். மேற்பார்வையாளர் இருப்பார், ஒவ்வொரு முறையும் அறிக்கை எழுத வேண்டும். நீங்கள் கட்டுகிற காசில் உண்மையான சரக்கு இதுதான். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். போன வருட மாணவர்களைக் களப்பயிற்சிக்கு எங்கெங்கே அனுப்பினார்கள் என்று கேளுங்கள், 'மெடிக்கல் அண்ட் சைக்யாட்ரிக்' பிரிவு உண்டா என்றும் கேளுங்கள். அதுதான் கவுன்சிலிங்குக்கு நெருக்கமான பிரிவு.

அதே எம்.எஸ்.டபிள்யூ.வில் மனிதவளப் பிரிவும் பல கல்லூரிகளில் இருக்கிறது. கஞ்சிக்கோடு ஃபேக்டரிகளிலும் கோவை மில்களிலும் அதற்கு வேலை உண்டு, சம்பளமும் கொஞ்சம் தேவலை. மகளுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். வீட்டுக்காரரிடம் சொல்லிவையுங்கள், அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

அந்த எம்.எஸ்.டபிள்யூ. கல்லூரி கேரளத்திலா, தமிழ்நாட்டிலா என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் பக்கத்துக் குடும்பங்கள் தடுக்கி விழுகிற இடம் இதுதான். கேரளச் சாதிச் சான்றிதழோடு தமிழ்நாட்டுக் கல்லூரிக்குப் போனால் இட ஒதுக்கீடு செல்லாது, பொதுப் பிரிவில்தான் பார்ப்பார்கள். வேலந்தாவளம் எல்லை தாண்டினால் அதே சாதி, அதே பேச்சு, ஆனால் சான்றிதழ் வேறு. அதனால் கேரளத்தில் அரசு, எய்டட் இடங்களுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டுவையுங்கள். காலடி சங்கராச்சாரியார் சமஸ்கிருதப் பல்கலைக்கழகத்தில்கூட எம்.எஸ்.டபிள்யூ. இருக்கிறது, பெயரைப் பார்த்து யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

இன்னொரு சொத்தை நீங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. உங்கள் மகளுக்குத் தமிழும் மலையாளமும் தண்ணீர்பட்ட பாடு. அழுதுகொண்டே பேசுகிறவர்கள் தாய்மொழியில்தான் பேசுவார்கள். அட்டப்பாடி மலையில் இருளர் பழங்குடிகளின் பேச்சு தமிழுக்கு ரொம்பக் கிட்ட. அங்கே களப்பயிற்சி கிடைத்தால் விடக் கூடாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கு உதவும் சகி மையம், குழந்தைகள் உதவி எண் 1098, மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, கேரளத்தின் விமுக்தி போதை மீட்பு மையங்கள் என்று ஒப்பந்த வேலைகள் வருகிற இடங்களிலும் இரண்டு மொழி பேசுகிற ஆளுக்கு மதிப்பு உண்டு. அப்புறம், கேரள அரசுப் பணித் தேர்வாணையம் (பி.எஸ்.சி.) உங்கள் மாவட்டத்துக்குத் 'தமிழும் மலையாளமும் தெரிந்த' கிளார்க் பணிக்கு அவ்வப்போது தேர்வு நடத்துகிறது. அதை எழுதுவதற்குப் படிப்பை நிறுத்த வேண்டியதில்லை, எழுதிவைக்கட்டும்.

பணத்துக்கு வருவோம். 1.20 லட்சம் என்றால் செமஸ்டருக்கு 30,000. பால் பணத்தில் மாதம் 3,000 ஒதுக்கினால் ஆறு மாதத்தில் 18,000. மீதி 12,000 டெபாசிட்டிலிருந்து. நாலு செமஸ்டருக்கும் சேர்த்து டெபாசிட்டில் குறைவது 48,000 மட்டும். 2 லட்சத்துக்கு மேல் அப்படியே நிற்கும். களப்பயிற்சிக்குப் போக வர, ரெக்கார்டு எழுத மாதம் 1,500 தனியாகப் பிடிக்கும், அதை ஆட்டோ வருமானத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஓணத்துக்குச் சொசைட்டி போனஸ் கொடுத்தால் அதைத் தொடாமல் வையுங்கள், ஒரு மாடு படுத்துவிட்டால் அந்த மாதம் இந்த 3,000 நிற்காது.

நகையை வைக்காதீர்கள். நகைக் கடனை வருடா வருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கவே நம் சனங்களுக்குச் சரியாக இருக்கிறது. இரண்டு வருடப் படிப்புக்கும் ஒரு வருடக் கடனுக்கும் ஒத்துப்போகாது.

டெபாசிட் பற்றி ஒரு வார்த்தை. பேங்க் என்று பெயர்ப்பலகை இருந்தாலும் சர்வீஸ் கூட்டுறவு என்பது சங்கம்தான். ரிசர்வ் வங்கியின் கீழ் வரும் 5 லட்சம் டெபாசிட் காப்பீடு அதற்குக் கிடையாது. கேரள அரசின் உத்தரவாத நிதி தனியாக இருக்கிறது, உங்கள் சங்கம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் அங்கேயே வைக்க வேண்டாம். டெபாசிட் எப்போது முதிர்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. கல்லூரி திறப்பதற்கு முன் முதிர்ந்தால், 50,000 ரூபாயைத் தனியாகப் பிரித்து மகள் பெயரில் ஏதாவது பொதுத்துறை வங்கி சேமிப்புக் கணக்கில் போடுங்கள், மீதியைப் புதுப்பியுங்கள். பின்னால்தான் முதிரும் என்றால் பாதியில் உடைக்காதீர்கள். முதல் செமஸ்டருக்குக் குறைகிற பணத்தை அந்த ரசீதின் பேரிலேயே கடனாக எடுத்து, முதிரும்போது கழித்துக்கொள்ளலாம்.