ட்ரிப்ஸ் முடிந்த பிறகும் அரை மணி நேரம் உட்கார வேண்டுமா?

கேள்வி: என் மகளுக்கு ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது. இரும்புச் சத்து மாத்திரை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. எஃப்.சி.எம். என்ற இரும்புச் சத்து மருந்தை ட்ரிப்ஸாகப் போடச் சொல்கிறார் டாக்டர். முடிந்ததும் அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டுமாம். கூட்டம் ஏறுவதற்குள் லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டும். அவ்வளவு நேரம் அவசியமா? தெரிந்த நர்ஸை வைத்து வீட்டிலேயே போடலாமா?
- ஒரு தாய், மாட்டுங்கா, மும்பை

பதில்: கட்டாயம் இருங்கள். வீட்டில் வேண்டவே வேண்டாம் அம்மா. இந்த ஊரில் ட்ரிப்ஸ் வார்டிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

பெரும்பாலானவர்களுக்கு இந்த மருந்து சிக்கலில்லாமல் ஏறிவிடும். அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வந்தால் நிமிடங்களில் முற்றும். உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும், ஆக்சிஜனும் டாக்டரும் பக்கத்தில் இருக்க வேண்டும். முதலில் கொஞ்சம் மட்டும் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட் டோஸ் போட்டாயிற்றே என்றும் இருந்துவிட முடியாது. அதை நம்பாதீர்கள், மருந்து ஏறும்போதும் முடிந்த பின் குறைந்தது 30 நிமிடமும் கவனியுங்கள் என்று ஐரோப்பிய மருந்து முகமை 2013-லேயே சொல்லிவிட்டது.

உங்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. ஏசி குளிருகிறது என்று ஊசி ஏறிய கையைப் போர்வையால் மூடாதீர்கள். ஊசி முனை ரத்தக் குழாயை விட்டு விலகினால் மருந்து தோலுக்கடியில் கசியும். முதலில் எரிச்சல், அப்புறம் சின்ன வீக்கம். அப்போதே நிறுத்தாவிட்டால் அந்த இடத்தில் பழுப்புக் கறை படியும். மாதக்கணக்கில் போகாது, சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடும். 'கொஞ்சம் எரியுது, பரவாயில்லை' என்று பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுவார்கள். மகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்: எரிந்தால் உடனே நர்ஸைக் கூப்பிட வேண்டும்.

சீக்கிரம் முடியட்டும் என்று ட்யூபில் உள்ள உருளையைத் தள்ளிவிடும் உறவினர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். 1000 மில்லிகிராம் என்றால் குறைந்தது 15 நிமிடமாவது ஏற வேண்டும்.

முகம் சிவந்து நெஞ்சு இறுகினால் நர்ஸ் மருந்தை நிறுத்துவார். பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகும். உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தலை சுற்றிக் கண் இருட்டினாலோ சத்தம் போட்டே கூப்பிடுங்கள். வீடு திரும்பிய பின் லேசான காய்ச்சல், மூட்டு வலி வரலாம். நாலு நாளைத் தாண்டினால் டாக்டரைப் பாருங்கள்.

ஆஸ்துமாவோ, வேறு மருந்து ஒவ்வாமையோ இருந்தால் ஊசி குத்துவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். கிளம்பும்போது மருந்தின் பெயரையும் அளவையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த டோஸ் வேறு இடத்தில் போட நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.