டெஸ்ட்ல முட்டை பாசிட்டிவ்னா முட்டைய நிறுத்தணுமா?

ஏற்காட்டுல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "பையனுக்கு மூணு வயசு, முழங்கை மடிப்புலயும் முட்டிக்குப் பின்னாடியும் எக்ஸிமா (அரிப்போட வர்ற தோல் அழற்சி). ரத்த டெஸ்ட்ல முட்டைக்கும் டஸ்ட் மைட்டுக்கும் (வீட்டுத் தூசில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சி) அலர்ஜினு வந்துச்சு. மாமியார் முட்டை, பால் ரெண்டையும் நிறுத்திட்டாங்க, சோப்புக்கு பதிலா கடலை மாவுதான். ரெண்டு மாசமாச்சு, அரிப்பு குறையவே இல்ல டாக்டர்."

குறையாதுங்க, கோளாறு ஆரம்பிக்கிற இடமே தோல்தான். எக்ஸிமா உள்ள நிறைய பேருக்கு தோலோட மேல் அடுக்கை இறுக்கமா வச்சிருக்கிற ஃபிலாக்ரின்ங்கிற புரதம் கம்மி. ஈரம் வெளிய போயிடும், டஸ்ட் மைட் கழிவு உள்ள வந்துடும், அதுல இருக்கிற என்சைம் வேற தோலை இன்னும் அரிச்சு வழி பண்ணிக்கும். தோல் செல்லுங்க உடனே டிஎஸ்எல்பி, ஐஎல்-33னு புரத வடிவத்துல ஆபத்து சிக்னல் விடும், தோல்ல காவல் காக்கிற லாங்கர்ஹான்ஸ் செல் உள்ள வந்த சரக்கைப் புடிச்சு நெறிகட்டுற இடத்துக்குக் கொண்டுபோய் டி செல்ங்கிற நோய் எதிர்ப்பு செல்லுகிட்ட காட்டும், அந்த டி செல் அலர்ஜியைத் தூண்டுற டிஎச்2 ரகமா மாறி ஐஎல்-4, 13, 31னு இன்னும் சில சிக்னல் புரதங்களைச் சுரக்கும். அரிப்பு நரம்பை நேரா தூண்டுறது அந்த 31. ஆனா 4ம் 13ம் பண்றதுதான் பெரிய அநியாயம், பி செல்ங்கிற இன்னொரு எதிர்ப்பு செல்லை ஐஜிஇங்கிற அலர்ஜி ஆன்டிபாடி தயாரிக்க வைக்கிறதோட இருக்கிற கொஞ்ச ஃபிலாக்ரினையும் குறைச்சிடும். பையன் சொறிவான், திரும்ப முதல்ல இருந்து.

உங்க ரிப்போர்ட்ல இருக்கிறது அந்த ஐஜிஇ தான். எதிர்ப்பு செல்லுங்க முட்டைய அடையாளம் கண்டுவச்சிருக்கு, அவ்வளவுதான், சாப்பிட்டா ரியாக்‌ஷன் வந்தே தீரும்னு இல்ல. முட்டை சாப்பிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள தடிப்பு, வாந்தி, மூச்சு இழுப்புனு எப்பவாவது வந்திருக்கா? வந்திருந்தா தொடாதீங்க. வந்ததே இல்லன்னாலும் ரெண்டு மாசம் நிறுத்தினதால நீங்களா ஆரம்பிக்காம டாக்டர் முன்னாடி ஆரம்பிங்க, ஏன்னா பழகின சாப்பாட்டை நிறுத்திட்டு திடீர்னு குடுக்கும்போது சில குழந்தைகளுக்கு நெஜமாவே அலர்ஜி வந்துடுது. பால் டெஸ்ட்லயே வரல, அதை எதுக்கு நிறுத்தினாங்கன்னே புரியல.

கடலை மாவை மட்டும் இன்னிக்கே விடுங்க. வாய் வழியா போற சாப்பாட்டை உடம்பு பழகிக்கும், அதே சாப்பாடு விரிசல் விட்ட தோல் வழியா போனா எதிரியாப் பாக்க ஆரம்பிச்சிடும். ஜப்பான்ல கோதுமைப் புரதம் கலந்த முகசோப்பு போட்டவங்கள்ல 2,000 பேருக்கு மேல கோதுமை சாப்பிடவே முடியாத அலர்ஜி வந்து, 2011ல அந்த சோப்பைக் கம்பெனியே திரும்ப வாங்கிடுச்சு.

வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு பத்து நிமிஷக் குளியல், ஒத்தி எடுத்து ஈரம் காயறதுக்குள்ள வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், டாக்டர் எழுதின ஸ்டீராய்டு ஆயின்ட்மென்ட்டை பயந்து பயந்து தடவாம அவர் சொன்ன அளவுக்கு. தோல் பளபளன்னு ஆனதும் விட்டுடாதீங்க, பழைய எதிரியை ஞாபகம் வச்சிருக்கிற நினைவு டி செல்லுங்க காலி பண்ணாத குடித்தனக்காரங்க மாதிரி அதே மடிப்புல உக்காந்திருக்கும், அதனாலதான் அதே இடத்துல திரும்ப வருது. வாரத்துக்கு ரெண்டு நாள் அங்க மட்டும் அந்த ஆயின்ட்மென்ட்டைத் தடவணுமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

மலைக்காத்துக்கு மைட் இருக்காதுன்னு யாராவது சொன்னா, அது சுவிட்சர்லாந்து டாவோஸ் மாதிரி மலை ஊர்ல, அங்க காத்து வறண்டது. ஏற்காடும் கிட்டத்தட்ட அதே 1,500 மீட்டர் உயரம்தான், ஆனா பனிமூட்டத்துல துணியே காயாது, மைட்டுக்கு அந்த ஈரம் போதும். வெயில் வர்ற அன்னிக்கு மெத்தையைக் காயப் போடுங்க, போர்வையை வாரம் ஒருக்கா சுடுதண்ணில தொவைங்க, கம்பளி ஸ்வெட்டருக்கு உள்ள பருத்தி பனியன் போட்டுவிடுங்க.