சோப்பு மூலக்கூறு பை கட்டுமா?

கேள்வி: சோப்பு தண்ணியில மைசெல்னு உருண்டையா சேரும்னு ப்ளஸ் டூல படிச்சோம். ரெண்டு வகை சர்ஃபாக்டன்ட்டை (சோப்பு மாதிரி, தண்ணிய விரும்பற தலையும் தண்ணிய வெறுக்கற வாலும் உள்ள மூலக்கூறு) கலந்தா, உள்ள தண்ணியோட குட்டிப் பையா, வெசிக்கிளா, தானாவே மாறும்னு எங்க சார் சொல்றார். எப்படி? ஷாம்புவையும் கண்டிஷனரையும் கலந்தா வருமா?
– பி.எஸ்ஸி. மாணவி

பதில்: சார் சொன்னது நிஜம்தாம்மா. 1989லயே எரிக் கேலரும் கூட்டாளிகளும் சயின்ஸ் பத்திரிகையில இதை எழுதிட்டாங்க. அவங்க எடுத்தது எஸ்.டி.பி.எஸ்., சி.டி.ஏ.டி.ங்கற ரெண்டு சர்ஃபாக்டன்ட், முதலாவதுக்கு நெகட்டிவ் சார்ஜ் தலை, ரெண்டாவதுக்கு பாசிட்டிவ் சார்ஜ் தலை, ரெண்டுக்கும் ஒத்தை வால்தான். தனியா இருக்கறப்போ ஒரே சார்ஜ் தலைங்க ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு நிறைய இடம் பிடிக்கும், அதனால மூலக்கூறு கூம்பு மாதிரி ஆகி உருண்டையாத்தான் அடுக்க முடியும். எதிர் சார்ஜைக் கலந்தா தலைங்க ஒட்டிக்கும், இடம் சுருங்கும், ஜோடி சேர்ந்து, செல் சவ்வுல இருக்கற ரெட்டை வால் கொழுப்பு மூலக்கூறான லிப்பிட் மாதிரி நடந்துக்கும், அப்போ தகடாத்தான் அடுக்க வரும். இதுக்கு 1976லயே இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் ஒரு கணக்கு குடுத்தாங்க: வாலோட கனஅளவை, தலைப் பரப்பு பெருக்கல் வால் நீளத்தால வகுங்க, 1/3க்குக் கீழன்னா உருண்டை, 1/2லேர்ந்து 1க்குள்ளன்னா தகடு.

சரி, தகடு ஏன் பையாகுது? ஓரத்துல வாலுங்க தண்ணியில வெளிய தெரியும், அதுக்கு எனர்ஜி செலவு ஜாஸ்தி, அதனால ஓரமே இல்லாம வளைஞ்சு மூடிக்கும். கொழுக்கட்டையை மூட நம்ம விரல் வேணும், இதுக்கு அதுவும் வேணாம். லிப்பிட்டால ஆன பையான லிபோசோம் பண்றவங்க அல்ட்ராசவுண்ட் வச்சு கலக்கு கலக்குன்னு கலக்கணும், இங்க ரெண்டு கரைசலையும் ஊத்தினாலே போதும், மாசக்கணக்குல அப்படியே நிக்கும். தெளிவா இருந்த தண்ணி லேசா நீலம் அடிச்சா பை வந்திருக்கும்னு சந்தேகப்படலாம், மைசெல்லைவிடப் பெருசுங்கறதால நீல ஒளியை நல்லா சிதறடிக்குது.

ஆனா அளவுதான் முக்கியம். ரெண்டையும் சரிசமமா போட்டா சார்ஜ் கேன்சலாகி பெரும்பாலும் வெள்ளையா அடியில படிஞ்சிடும். ஏதாவது ஒண்ணு கொஞ்சம் தூக்கலா இருந்தாத்தான் பைங்க ஒரே சார்ஜோட ஒண்ணையொண்ணு தள்ளிக்கிட்டு மிதக்கும்.

ஷாம்பு–கண்டிஷனர் யோசனை நல்ல யோசனைதான், ஷாம்புல பொதுவா நெகட்டிவ், கண்டிஷனர்ல பாசிட்டிவ்ங்கறதால சார்ஜ் பொருத்தமும் சரிதான், ஆனா கண்டிஷனர்ல ஏற்கெனவே கொழுப்பு ஆல்கஹால், சிலிகான்லாம் சேர்ந்து பாலாட்டம் இருக்கும், பை வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. காலேஜ் லேப்ல நெகட்டிவ் தலை உள்ள எஸ்.டி.எஸ்.ஸும் பாசிட்டிவ் தலை உள்ள சி.டி.ஏ.பி.யும் இருக்கான்னு சாரைக் கேளுங்க, ரொம்ப நீர்க்கக் கரைச்சு, விகிதத்தை மாத்தி மாத்திப் பாருங்க.