அடுப்பை முதலில் பற்றவைப்பது யார்?

கேள்வி: பொங்கலுக்காக வீட்டை ஒழிக்கத் தொடங்கியிருக்கிறேன். மாடிப்படிக்கு அடியில், கரண்ட் மீட்டரை ஒட்டியே, பத்து வருஷத்துப் பேப்பரையும் துணி மூட்டைகளையும் மாமியார் சேர்த்துவைத்திருக்கிறார். தீப்பிடிக்கும் என்று சொன்னால் காதில் வாங்குவதில்லை. கொரோனா வந்ததிலிருந்து வாசனையும் தெரிவதில்லை. குழம்பு அடிப்பிடித்தாலும் பக்கத்திலேயே நிற்பார். நாலரைக்கு எழுந்து காபி போடுவதோடு சரி, மற்ற வேலையெல்லாம் என் தலையில்தான். கணவர் வாயே திறப்பதில்லை. நீங்கள்தான் மாமியாருக்குப் புத்தி சொல்ல வேண்டும்.
- வாசகி, திருச்சி

பதில்: மார்கழி பிறந்தால் குப்பைச் சண்டைக் கடிதம் எனக்கு வராமல் இருக்காது. அதை அப்புறம் பார்ப்போம். மாமியாருக்கு வாசனை தெரியாது என்கிறீர்கள். நாலரைக்கு அவர்தான் அடுப்பைப் பற்றவைக்கிறார் என்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து யோசிக்கவே இல்லையா?

சமையல் கேஸுக்கென்று சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். அந்த நாற்றம்தான் நமக்கு எச்சரிக்கை. உங்கள் மாமியாருக்கு அது எட்டாது. கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு பரவி மேடைக்கு அடியில் தேங்கும். குளிருக்கு ஜன்னலெல்லாம் சாத்திய சமையலறைக்குள் அவர் இருட்டில் வந்து, சுவரைத் தடவி ஸ்விட்சைப் போடுவார். லைட்டர்வரை போகவே வேண்டாம். ஸ்விட்சில் தெறிக்கும் பொறியே போதும்.

எனக்குக் கோபம்தான் வருகிறது. கண் மங்கிய பெரியவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறோம். மூக்கு போனவரைப் பற்றிப் புகார்க் கடிதம் எழுதுவோமா? அவர் போடுகிற காபியை எல்லோரும்தானே குடிக்கிறீர்கள்? அவருக்காக முகர்ந்து பார்ப்பது வீட்டிலிருக்கும் மற்றவர்களின் கடமை.

இன்று ராத்திரியிலிருந்து ரெகுலேட்டரை மூடுவது உங்கள் கணவரின் வேலை. பெற்ற தாய்க்குச் செய்வது, உங்கள் தலையில் கட்ட விடாதீர்கள். காலையில் உங்களில் ஒருவர் முன்னால் எழுந்து, முகர்ந்து பார்த்து, ஜன்னலைத் திறந்த பிறகு அவர் உள்ளே வரட்டும். நாற்றம் அடித்தால் ஸ்விட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். கேஸ் கசிந்தால் அலறும் அலாரம் ஒன்றும் வாங்குங்கள். அதைத் தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் மாட்ட வேண்டும், பரண் பக்கம் மாட்டிப் பயனில்லை.

பொங்கலுக்குச் சிலிண்டரை நகர்த்தித் துடைப்பீர்களே, அப்போது அந்த ஆரஞ்சு டியூபைக் கவனியுங்கள். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் தேதி தெரியும். 5 வருஷம் ஆகியிருந்தால் மாற்றுங்கள். வளைக்கும்போது வெடிப்பு தெரிந்தால் தேதியே பார்க்க வேண்டாம். இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவுங்கள், கசிவு இருந்தால் குமிழி விடும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் துணிச்சல் யாருக்கும் வேண்டாம்.

சரி, மாடிப்படிக் குப்பை. மீட்டர் பக்கத்தில் பேப்பர் இருக்கவே கூடாது, அதில் நியாயம் உங்கள் பக்கம்தான். ஆனால் "தூக்கிப் போடுங்கள்" என்றால் எந்தப் பெரியவரும் விடமாட்டார். அவரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு மூட்டையாக அவர் முன்னால் பிரியுங்கள். வேண்டும் என்பதை ஒரு பெட்டியில் போட்டு வேறு இடத்தில் வையுங்கள். பேப்பரைப் போகியில் கொளுத்தாமல் பழைய பேப்பர் கடையில் போட்டு, வரும் காசை அவர் கையிலேயே கொடுங்கள்.