வாசகர் கேள்வி: மஞ்சள் குருவியா, கருங்குருவியா?

கேள்வி: வீட்டுச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டுகளில் ஒன்றுக்குக் கழுத்திலிருந்து வயிறுவரை கறுப்புக் கோடு இருக்கிறது. அது எந்த இனம்? பசிபிக் தீவுகளின் தேனுண்ணிகளும் இதே குடும்பமா?
– வாசகர், பாலக்கோடு

பதில்: அது ஊதாத் தேன்சிட்டின் ஆண். இனப்பெருக்கக் காலத்தில் உடல் முழுக்கக் கருநீலமாக மின்னும்; மற்ற மாதங்களில் மஞ்சள் உடலில் அந்தக் கோடு மட்டும் மிஞ்சும். இரண்டையும் வேறு வேறு பறவை என்று குறித்துவைப்பவர்கள் நிறையப் பேர்.

ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் ஆணோ ஆண்டு முழுக்க ஒரே கோலம்தான்: அரக்கு நிற மார்புப் பட்டை, மஞ்சள் வயிறு. குழப்பம் பெண்களில்தான். தொண்டையைப் பாருங்கள். சாம்பல் கலந்த வெள்ளையென்றால் ஊதாப்பிட்டம், மஞ்சளென்றால் ஊதா. முதுகைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். நிழலில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டுமே சிலந்தி நூலால் தொங்கு பை போலக் கூடு கட்டும். அதற்காகவாவது தோட்டத்துச் சிலந்தி வலைகளை விட்டுவையுங்கள், பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள்.

தேனுண்ணிகள் வேறு குடும்பம். சமோவா, வனுவாட்டு தீவுகளிலுள்ள சிவப்பும் கறுப்புமான தேனுண்ணி நம் சிட்டுபோலவே வளைந்த அலகுடையது. ஆனால் அதன் நாக்கு நுனி தூரிகைபோலப் பிரிந்தது. தேன்சிட்டுக்கோ குழல் நாக்கு.